நாலு நம்பர்

மூன்றாம் மாடி, பழைய எக்ஸ்ரே அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி
ஆராய்ச்சிக்கென்று எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
தாள் கிழிந்த ஒரு விரல் இடுக்கில்
கொம்தாரின் துண்டும் பினாங்கு மழையும்.

மோவாயை இங்கே வையுங்கள்,
நெற்றி இந்தப் பட்டையில்.
காலையில் வந்த பாலிக் புலாவ் டுரியான் வியாபாரி
இதே பட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார்.
அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
இவரிடம் சொல்லவில்லை.

தவமலர், அறுபத்து நான்கு வயது.
இதே ஆஸ்பத்திரியின் சுவிட்ச்போர்டில்
முப்பத்தோரு வருடம்.
"வார்டு, தியேட்டர், பிணவறை
எல்லாத்துக்கும் நான்தான் வாசல்" என்கிறார்
மோவாயை அசைக்காமல்.

முதலில் வெளிச்சம்.
ஒரு மின்னல். பாவை சட்டென்று சுருங்கி
மெல்லத் திரும்புகிறது,
கடைக்குப் போன பிள்ளை
என்ன வாங்கப் போனோம் என்று
யோசித்தபடி வெறுங்கையோடு வருவதுபோல.

பிறகு எண்கள்.
மூன்று சொன்னேன், மூன்றும் வந்தது.
ஐந்து. ஐந்தும்.
ஏழைச் சொன்னார் பாருங்கள்,
வேலை நாட்களின் குரலில்,
எண்ணுக்கும் எண்ணுக்கும் ஒரே இடைவெளி விட்டு,
கடைசியில்
"கொஞ்சம் இருங்க, இணைக்கிறேன்" என்பதையும் சேர்த்து.
ஏழுக்கு ஏழு.
தாளில் டிக் போட்டால் கதை முடிந்தது.

திரையில் முடியவில்லை.
கருமணி விரிந்துகொண்டே போகிறது.
ஐந்தாவது எண் வருவதற்குள்
அதைச் சுற்றிய பழுப்பு வளையம்
நூலாகிவிட்டது.
இந்த வயதில் ஏழு எண்ணுக்கு
மற்றவர்கள் கொடுக்கிற விலை இதுவல்ல.
சில்லறை கேட்ட இடத்தில்
தாலிக்கொடியை அடகு வைத்துக்
கொண்டுவந்து தருகிறார்.
விடை சரி. விலைதான் கூடுதல்.

பாவை என்று பெயர் வைத்தவர்
மிக அருகே குனிந்திருக்க வேண்டும்,
உள்ளே தன்னையே பொம்மையாய்க் காணுமளவு.
இங்கே எனக்குப் பதில் கேமரா குனிகிறது.
உள்ளே நான் இல்லை.
விளக்கின் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

"சரியா சொன்னேனா?"
"எல்லாம் சரி."
நெற்றியைப் பட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்.
"லைன்ல கொஞ்சம் லேட்டா வருதே, மா.
அந்தப் பக்கம் டாக்டர் மூச்சு இழுக்கும்போதே
எந்த வார்டு கேக்கப் போறார்னு
எனக்குத் தெரியும்."

நான் கோப்புக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தேன்.
இந்தச் சோதனை மட்டும் நோயைச் சொல்லிவிடாது,
நிபுணர், ஸ்கேன்,
ஆறு மாதம் கழித்து மறுபடி என்றேன்,
அச்சடித்த தாளில் இருக்கிற அதே வரிசையில்.
சரி சரி என்று தலையாட்டினார்,
பிடித்து வைக்கச் சொன்ன அழைப்புக்குத்
தலையாட்டுவதுபோல.

வெளியே பெஞ்சில் அங்கமுத்து, கணவர்.
"உள்ள நம்பரா சொல்லிட்டிருந்த போல.
நாலு நம்பர் குடு, இன்னிக்குப் புதன்."
யோசிக்கவே இல்லை தவமலர்.
இரண்டு, ஏழு, ஒன்று, ஆறு.
பட்டியலைப் புரட்டினேன்,
நான் கொடுத்த எதிலும் அந்த வரிசை இல்லை.
பார்க்கிங் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.
இருவரும் லிஃப்டுக்கு நடந்தார்கள்.
யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று
பின்னாலிருந்து தெரியவில்லை.

ஆறு மணிக்கு இயந்திரத்தை அணைத்துவிட்டு
சுவரில் மாட்டிய போனை எடுத்தேன்.
இரண்டு, ஏழு, ஒன்று, ஆறு.
மூன்று மணி அடித்தது.
"ஹலோ, டாப்பூர்."
பின்னால் அண்டாக்கள் உருளும் சத்தம்.
சொல்ல ஒன்றும் இல்லாமல்
இன்றிரவு என்ன என்று மலாயில் கேட்டேன்.
கஞ்சி என்றது குரல்.
எத்தனை பேருக்கு, எந்த வார்டு
என்று திருப்பிக் கேட்டது.